திம்புக்துவின் பெட்டிகளும் நம் வீட்டுப் பெட்டிகளும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு நிர்வாகக் குழுவினர் கேட்டுக்கொண்டபோது, அந்தலூஸையும் பக்தாதையும் இம்முறை விட்டுவிட்டு, நம்மவர் அதிகம் பேசாத ஓர் ஊரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில், ஸஹாரா பாலைவனத்தின் தென்விளிம்பில், நைஜர் ஆறு வளைந்து திரும்பும் இடத்திற்கு அருகில் இருக்கிறது திம்புக்து. எட்டாத தொலைவைக் குறிப்பதற்கு ஆங்கிலம் பேசுவோர் இவ்வூரின் பெயரைச் சொல்வது வழக்கம். 15, 16 ஆம் நூற்றாண்டுகளில் மேற்கு ஆப்பிரிக்க மாணவருக்கோ அது ஓதுவதற்காகப் பயணம் புறப்படும் ஊராக இருந்தது. இன்று அவ்வூரை உலகம் பேசுவதற்குக் காரணம், அங்குள்ள குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பெட்டிகளில் பூட்டி வைத்திருந்த கையெழுத்துச் சுவடிகளும், அவை கணினியில் ஏறிய வரலாறுமே ஆகும்.

மாலிப் பேரரசர் மன்ஸா மூஸா 1324 இல் ஹஜ்ஜுக்குச் சென்று மீண்டபின் எழுப்பியதாகச் சொல்லப்படும் ஜிங்கரைபர் பள்ளிவாசல் இன்றும் அங்கே நிற்கிறது. மண்ணால் எழுந்த கட்டடம். மழையில் கரையும் பூச்சை ஊரார் ஒன்றுகூடித் திரும்பப் பூசிக் காத்து வருகிறார்கள். ஸன்கோரே, ஸீதி யஹ்யா ஆகியவை மற்ற இரு பெரும் பள்ளிகள். இப்னு பதூதா 1353 இல் இவ்வூரைக் கண்டார். 16 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே சென்ற அல்ஹஸன் அல்வஸ்ஸான் (ஐரோப்பியர் இவரை லியோ ஆப்பிரிக்கானஸ் என்பர்), வடக்கிலிருந்து வரும் கிதாபுகளை விற்பதில் கிடைக்கும் ஆதாயம் வேறெந்தச் சரக்கிலும் கிடைப்பதில்லை என்ற பொருள்பட எழுதி வைத்தார். உப்பும் பொன்னும் கைமாறிய சந்தையில்தான் இந்த நிலை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஸன்கோரேயைப் பல்கலைக்கழகம் என்று நம் மேடைகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இன்றைய பல்கலைக்கழகம்போல் ஒரே வளாகம், ஒரே நிர்வாகம், ஒரே நூலகம் என்று எண்ணிக்கொண்டால் அது பொருந்தாது. நம் பழைய மதரஸா முறையை அறிந்தவர்களுக்கு அது எளிதாக விளங்கும். மாணவர் ஓர் உஸ்தாதைத் தேடிச் செல்வார். அவருடைய இல்லத்திலோ பள்ளியின் தூணோரத்திலோ அமர்ந்து ஒரு கிதாபைத் தொடக்கம் முதல் இறுதி வரை ஓதி முடிப்பார். இஜாஸா பெற்று, தாம் படியெடுத்த பிரதியுடன் ஊர் திரும்புவார். ஆகவே கிதாபுகள் ஆலிம்களின் வீடுகளில் இருந்தன. வாப்பாவுக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன் என்று சொத்துடன் சேர்ந்து அவையும் இறங்கின.

அந்த வீட்டு நூலகங்களின் அளவை அறிய ஒரு செய்தி போதும். 1591 இல் மொராக்கோவின் படை திம்புக்துவைக் கைப்பற்றியது. எதிர்த்த ஆலிம்கள் சில ஆண்டுகளில் சிறைபிடிக்கப்பட்டு மராக்கிஷுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அவர்களுள் ஒருவரான மாமேதை அஹ்மத் பாபா (1556–1627) அவர்கள், தம்மிடமிருந்து பறிபோனவை 1600 கிதாபுகள் என்றும், தம் உறவினர்களின் நூலகங்களுள் தம்முடையதே சிறியது என்றும் முறையிட்டதாக வரலாறு கூறுகிறது. 1608 இல்தான் அவர்கள் தாயகம் திரும்பினார்கள்.

இந்தச் சுவடிகளில் ஃபிக்ஹும் ஹதீஸும் வானவியலும் மருத்துவமும் இருக்கின்றன என்பதைப் பலரும் எழுதிவிட்டனர். நான் சொல்ல விரும்புவது ஓரங்களைப் பற்றி. காகிதம் விலையுயர்ந்த சரக்கு. ஐரோப்பாவிலிருந்து பாலைவனத்தைக் கடந்து வந்தது. எனவே குடும்பத்தார் தங்கள் செய்திகளை, கிதாபின் வெற்று ஓரங்களிலும் முதல், கடைசிப் பக்கங்களிலும் எழுதி வைத்தார்கள். பிள்ளை பிறந்த நாள், பெரியவர் வஃபாத்தான நாள், வறட்சி வந்த ஆண்டு, கிதாபு வாங்கிய விலை என்று பலவும் அங்கே இடம்பெற்றன. தனித் தாள்களில் கடிதங்களும் விற்பனைப் பத்திரங்களும் திருமண ஒப்பந்தங்களும் அடிமைகளை விடுதலை செய்த பத்திரங்களும் உண்டு. மன்னர்களின் வரலாற்றில் இடம்பெறாத ஆண்களும் பெண்களும் இந்த ஓரங்களில்தான் பெயருடன் இருக்கிறார்கள்.

காத்தி குடும்பத்தின் நூலகத்தில் காழி இயாழ் அவர்களின் 'அஷ்ஷிஃபா' நூலின் பிரதி ஒன்று உண்டு. அதை வாங்கியவர் அலீ இப்னு ஸியாத் அல்கூதி. அந்தலூஸின் துலைத்துலா நகரை விட்டுப் புறப்பட்டு இரண்டு மாதம் ஆனபின், வழியில் துவாத் பாலைவனச் சோலையில், 45 மித்கால் பொன் கொடுத்து அதை வாங்கியதாகவும், ஸூதான் தேசத்தை நோக்கித் தாம் சென்றுகொண்டிருப்பதாகவும் அவர் பெயரால் அமைந்த குறிப்பு சொல்கிறது. ஆண்டு 1468. கிறித்தவ ஆட்சியின்கீழ் வாழ முடியாமல் ஊரைவிட்டுப் போகும் ஒரு மனிதர், அடுத்த வேளை உணவு எங்கே என்று தெரியாத பயணத்தில், பொன் கொடுத்துக் கிதாபு வாங்குகிறார். வாங்கிய இடத்தையும் விலையையும் எழுதி வைக்கிறார். ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் அவருடைய வழித்தோன்றல்கள், தாம் எங்கிருந்து வந்தோம் என்பதற்கு அந்த ஓரக்குறிப்பைக் காட்டினார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. குடும்பம் சொல்வதெல்லாம் வரலாறாகிவிடாது. 'தாரீகுல் ஃபத்தாஷ்' என்னும் புகழ்பெற்ற நூல் 1913 இல் பாரிஸில் அச்சானபோது, அதே காத்தி மரபைச் சேர்ந்த மஹ்மூத் காத்தி 16 ஆம் நூற்றாண்டில் தொடங்கியது என்றே நம்பப்பட்டது. 1971 இல் நெஹமியா லெவ்ட்ஸியோன் என்ற ஆய்வாளர், அதில் 19 ஆம் நூற்றாண்டின் இடைச்செருகல்கள் இருப்பதைக் காட்டினார். பின்பு மௌரோ நோபிலி என்பவர் பல பிரதிகளை ஒப்புநோக்கி, 2020 இல் வெளியான தம் நூலில், நூஹ் இப்னு தாஹிர் என்பவர் அக்கால ஆட்சியாளர் அஹ்மத் லொப்போவின் தகுதியை நிலைநாட்டுவதற்காகப் பழைய வரலாறு ஒன்றை மாற்றி எழுதியதே அந்நூல் என்று எடுத்துரைத்தார். காத்தி நூலகத்தின் ஓரக்குறிப்புகளையும் ஐயத்துடன் நோக்கும் ஆய்வாளர்கள் உண்டு. இதனால் நாம் மனம் தளர வேண்டியதில்லை. இஸ்னாது பார்த்து ஹதீஸை ஏற்ற சமுதாயம் நாம். யார் சொன்னார், யாரிடம் கேட்டார், எந்தப் பிரதியில் இருக்கிறது என்று கேட்பது நமக்குப் புதிதன்று. அவ்வாறு ஒப்புநோக்க வேண்டுமானால் பிரதிகள் ஆய்வாளர் கண்ணில் பட வேண்டும். பெட்டிக்குள் பூட்டியிருந்தால் மெய்யும் தெரியாது, பொய்யும் தெரியாது.

பூட்டி வைத்ததற்கும் காரணம் இருந்தது. 1894 வாக்கில் பிரெஞ்சுக்காரர் திம்புக்துவைப் பிடித்தனர். அதற்கு முன்பே, 1890 இல், ஸெகு நகரைக் கைப்பற்றிய பிரெஞ்சுப் படை அங்கிருந்த நூலகத்தை அள்ளிச் சென்றது. அச்சுவடிகள் இன்றும் பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. இதையெல்லாம் கண்ட குடும்பங்கள் சுவடிகளைச் சுவர்களுக்குள் மறைத்தன, மணலில் புதைத்தன, தொலைவிலுள்ள சிற்றூர்களுக்கு அனுப்பின. பிரெஞ்சுப் பள்ளிகளில் பயின்ற பேரப்பிள்ளைகளுக்கு அரபி வாசிக்கத் தெரியாமல் போயிற்று. பெட்டி இருந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. கறையான் மட்டும் ஓதியது.

1960 இல் மாலி விடுதலை பெற்றபின், 1973 இல் அஹ்மத் பாபா பெயரால் அரசு ஓர் ஆய்வு நிலையத்தைத் திம்புக்துவில் நிறுவியது. 1984 இல் அதில் பணிக்குச் சேர்ந்தவர் அப்துல் காதிர் ஹைதரா. அவருடைய தந்தையார் மம்மா ஹைதரா 1981 இல் வஃபாத்தானபோது, பிள்ளைகள் பலர் இருக்க, குடும்பச் சுவடிகளுக்குப் பொறுப்பாளராக இளைஞரான இவரே தெரிவு செய்யப்பட்டார். நிலையத்திற்காக ஒட்டகத்திலும் படகிலும் ஊர் ஊராகச் சென்று, சுவடிகளைத் தருமாறு குடும்பங்களைக் கேட்பது இவர் வேலை. முதலில் எல்லா வீட்டிலும் ஒரே விடை: எங்களிடம் ஒன்றுமில்லை. ஏமாற்றப்பட்டவர்களின் விடை அது. பொறுமையுடன் பழகி நம்பிக்கை பெற்றபின்தான் பெட்டிகள் திறந்தன. 2000 ஆம் ஆண்டில் தம் குடும்பச் சுவடிகளுக்கென்று தந்தையார் பெயரிலேயே ஒரு நூலகத்தையும் அவர் திறந்தார். அதன்பின் வேறு குடும்பங்களும் துணிந்து தங்கள் நூலகங்களை வெளியே கொண்டுவந்தன. சுவடி குடும்பத்தினுடையதாகவே இருக்கும், படிப்பவர் வந்து படிக்கலாம் என்ற அந்த ஏற்பாடு மிகவும் அறிவார்ந்தது என்பது என் கருத்து.

2012 மார்ச் மாதம் மாலியில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. அந்தக் குழப்பத்தில் ஏப்ரல் முதல் நாள் ஆயுதக் குழுக்கள் திம்புக்துவைப் பிடித்தன. ஜூன் இறுதியில் தொடங்கி இறைநேசர்களின் அடக்கவிடங்கள் பல இடிக்கப்பட்டன. கப்ருகளின் மீது கட்டடம் எழுப்புவது பற்றிய மஸ்அலாவில் நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை இங்கே பேச நான் வரவில்லை. ஆனால் ஆயுதம் தாங்கியோர் அடுத்து சுவடிகளின் மீது கைவைப்பார்கள் என்று ஊரார் அஞ்சியது இயல்பே. அப்துல் காதிர் ஹைதராவும் தோழர்களும் கடைத்தெருவில் தகரப் பெட்டிகளை வாங்கினார்கள். இரவோடிரவாகச் சுவடிகளை அடுக்கிப் பூட்டி, கழுதை வண்டிகளில் ஏற்றி நம்பிக்கையானவர்களின் வீடுகளில் இறக்கினார்கள். பின்பு கார்களிலும் நைஜர் ஆற்றுப் படகுகளிலுமாக, தென்மேற்கே வெகு தொலைவிலுள்ள தலைநகர் பமாக்கோவுக்குச் சிறுகச் சிறுகக் கொண்டு சேர்த்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சுவடிகள் என்று அவர்கள் கணக்குச் சொன்னார்கள். அவ்வளவு இருக்காது என்று மறுப்போரும் உள்ளனர். ஒற்றைத் தாளும் ஒரு சுவடி, ஐந்நூறு பக்கமும் ஒரு சுவடி என்று எண்ணும்போது இத்தகைய வழக்கு எழத்தான் செய்யும். 2013 ஜனவரி இறுதியில் பிரெஞ்சு, மாலிப் படைகள் நெருங்கியபோது, பின்வாங்கியவர்கள் அஹ்மத் பாபா நிலையத்தின் புதிய கட்டடத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகளை எரித்தும் சிதைத்தும் சென்றனர். பெரும்பகுதி முன்பே அகற்றப்பட்டிருந்தது. எரிந்தவற்றுள் படியெடுக்கப்படாதவை எவையோ, அவை போனவை போனவைதாம்.

இதற்கு நம் தொடக்க வரலாற்றிலேயே பாடம் இருக்கிறது. யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்த ஸஹாபாக்கள் பலர் ஷஹீதானபோது, உமர் (ரலி) அவர்கள் கலங்கி அபூபக்ர் (ரலி) அவர்களிடம் சென்றார்கள். ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் எழுத்திலிருந்தும் நெஞ்சங்களிலிருந்தும் திரட்டினார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் பிரதிகள் எடுக்கச் செய்து வெவ்வேறு நகரங்களுக்கு அனுப்பினார்கள். இறைவேதத்துடன் குடும்பக் காகிதங்களை ஒப்பிடுவதாக எவரும் கருத வேண்டாம். ஒரே பிரதி, ஒரே இடம் என்றிருப்பது ஆபத்து என்பதை அந்தப் பெருமக்கள் எவ்வளவு விரைவில் உணர்ந்து செயல்பட்டார்கள் என்பதையே சுட்டுகிறேன்.

பமாக்கோவில் புதிய இடர் வந்தது. திம்புக்துவின் வறண்ட காற்றில் நூற்றாண்டுகள் தாங்கிய காகிதம், பமாக்கோவின் மழைக்கால ஈரத்தில் பூஞ்சை பிடிக்கக்கூடும். அங்கேதான் 2013 முதல் பெருமளவில் படம்பிடிக்கும் பணி தொடங்கியது. முறை எளிது. சுவடியின் தூசியை மென்மையாகத் துடைக்கிறார்கள். மேலிருந்து கீழ்நோக்கிப் பொருத்திய கேமராவின்கீழ் ஒவ்வொரு தாளையும் இருபுறமும் படமெடுக்கிறார்கள். வெற்றுத் தாளையும் விடுவதில்லை. ஒவ்வொரு படத்திற்கும் எண் உண்டு. மேற்கு ஆப்பிரிக்கச் சுவடிகள் பெரும்பாலும் தைக்கப்படாத தனித் தாள்கள்; தோலுறைக்குள் அடுக்கி வைக்கப்பட்டவை. வரிசை குலைந்தால் மீட்பது கடினம் என்பதால் அந்த எண் உயிர்நாடி. பின்பு அரபி அறிந்தவர்கள் நூலின் பெயர், ஆசிரியர், படியெடுத்தவர், உரிமையாளர், ஓரக்குறிப்பு ஆகியவற்றைப் பதிகிறார்கள். படமெடுப்பதைவிடப் பன்மடங்கு காலம் பிடிக்கும் வேலை இதுவே.

இப்பணிக்குத் துணை நின்றவர்களுள் முதன்மையானது, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் கத்தோலிக்கத் துறவிகளின் மடத்தைச் சார்ந்த ஹில் சுவடி நூலகம். 1965 இல் கிறித்தவச் சுவடிகளைக் காப்பதற்காகத் தொடங்கிய அமைப்பு, கொலம்பா ஸ்டுவர்ட் என்னும் துறவியாரின் தலைமையில் நம் கிதாபுகளையும் காத்தது. மூலச் சுவடி உரிமையாளரிடமே இருக்கும். பதிவு செய்துகொண்டவர் எவரும் படத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். நன்மை செய்தவர் எவராயினும் நன்றி சொல்வது நம் கடமை. பின்னாளில், திம்புக்துவை விட்டு வெளியேறாத, மூன்று பெரும் பள்ளிகளுடன் தொடர்புடைய நூலகங்களும் அவ்வூரிலேயே படம்பிடிக்கப்பட்டன. 2022 மார்ச்சில் கூகுள் நிறுவனம் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிப் பக்கங்களை இணையத்தில் வைத்தது. 2025 ஆகஸ்டில் அஹ்மத் பாபா நிலையத்தின் சுவடிகள் விமானத்தில் திம்புக்துவுக்குத் திரும்பத் தொடங்கின.

இனி நம் வீட்டுப் பெட்டிகளுக்கு வருவோம். நம் முன்னோர் தமிழை அரபி எழுத்தில் எழுதினார்கள்; அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளியிட்டுப் புது எழுத்துகளை அமைத்துக்கொண்டார்கள். அந்த அரபுத்தமிழில்தான் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் போன்றோர் பெரும் நூல்களை இயற்றினார்கள். தமிழ் எழுத்து அறியாத பெண்களும் அரபுத்தமிழ் வாசித்தார்கள். கொழும்பு, பினாங்கு, ரங்கூன் என்று கடல் கடந்தவர்கள் வீட்டுக்கு அதில் கடிதம் எழுதினார்கள். இன்று அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் நம் மஹல்லாவில் விரல்விட்டு எண்ணும் அளவே.

பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது துணியில் கட்டிய மூட்டைகள் என்னிடம் வருகின்றன. கிழிந்த குர்ஆன் தாள்கள், காலில் மிதிபடக் கூடாது, அடக்கம் செய்துவிடுங்கள் ஹள்ரத் என்று தருகிறார்கள். அந்த மரியாதை போற்றத்தக்கது. ஆனால் மூட்டையைப் பிரித்தால் குர்ஆன் தாள்களுடன் அரபுத்தமிழ்த் தாள்களும் கலந்திருக்கும். ஒன்றில் மகள் கல்யாணத்திற்குச் செய்த நகைக் கணக்கு; ஒன்றில் கப்பல் ஏறிய மகன் தாய்க்கு எழுதிய ஸலாம். அரபி எழுத்தில் இருப்பதாலேயே ஓதப்படும் வேதம் என்று எண்ணி மண்ணுக்குள் அனுப்பிவிடுகிறோம். திம்புக்துவில் காப்பாற்றுவதற்காகப் புதைத்தார்கள். நாம் மரியாதைக்காகப் புதைத்து இழக்கிறோம்.

இன்னொன்று, ஒலிநாடாக்கள். 1980களில் ஸவூதிக்கும் துபாய்க்கும் சென்றவர்கள் கடிதத்திற்குப் பதிலாகக் கேஸட்டில் பேசி அனுப்பியதை நடுவயதினர் அறிவர். வாப்பாவின் குரலைக் கேட்டுப் பிள்ளைகள் வளர்ந்த வீடுகள் இங்கே உண்டு. அந்த வாப்பாக்களில் பலர் இன்று மர்ஹூம்கள். காந்தநாடா ஈரத்திலும் வெப்பத்திலும் கெட்டுக்கொண்டே வரும்; ஓட்டிக் கேட்கக் கருவியும் அருகிவிட்டது. பின்னர் நிகாஹ் படங்களைச் சி.டி.யில் பதிந்து, இனிக் கவலையில்லை என்று இருந்தோம். அதைப் போட்டுப் பார்க்கும் கருவி இன்று எத்தனை வீட்டில் இருக்கிறது? கணினியில் ஏற்றியது நிலைத்துவிடும் என்று நம்புவது பேதைமை. ஹார்டு டிஸ்க் பழுதாகும், செல்பேசி தொலையும். இரண்டு பிரதி, இரண்டு வீடு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய கருவிக்கு மாற்றுதல் ஆகியவற்றை விடாமல் செய்துவர வேண்டும். வாட்ஸ்அப்பில் படத்தைப் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். கோப்பாக அனுப்புதல் நலம்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று. நம் செல்பேசிகளில் ஆயிரக்கணக்கான படங்கள் உள்ளன, எதிலும் பெயரில்லை. கூட்டமாய் நிற்கும் ஒரு பழைய படத்தில் இருப்பவர் யார் யார் என்று சொல்லக்கூடிய கடைசிப் பெரியம்மா வஃபாத்தாகிவிட்டால், எவ்வளவு தெளிவான படமும் அந்நியரின் படமாகிவிடும். பெரியவர்களை அமர்த்தி, படத்தைக் காட்டி, அவர்கள் சொல்வதைச் செல்பேசியிலேயே ஒலிப்பதிவு செய்யுங்கள். சொன்னவர் பெயர், நாள், அவர் நேரில் கண்டதா, கேள்விப்பட்டதா என்பதையும் சேர்த்துப் பதியுங்கள்.

எல்லாவற்றையும் எல்லாருக்கும் காட்டிவிடவும் கூடாது. திம்புக்துக் குடும்பங்கள் தயங்கியதற்கு, கடனும் வழக்கும் அடிமை வம்சமும் அந்தத் தாள்களில் இருந்ததும் ஒரு காரணம். நம் காகிதங்களிலும் தலாக் உண்டு, பாகப்பிரிவினைச் சண்டை உண்டு. அவை அமானிதம். குடும்பத்தாரின் ஒப்புதலின்றி ஒரு தாளும் வெளியே போகலாகாது.

நிர்வாகக் குழுவினருடன் பேசிச் செய்துள்ள ஏற்பாடு இது. பள்ளிவாசல் அலுவலகத்தில் ஸ்கேனர் ஒன்று வைக்கப்பட்டுள்ளது. பழைய நிகாஹ் தஃப்தர்களைப் பக்கம் பக்கமாகப் பதியும் பணியை மதரஸாவின் மூத்த மாணவர்கள் தொடங்கியிருக்கிறார்கள். ஞாயிறுதோறும் அஸருக்குப் பின் ஜமாஅத்தார் தங்கள் காகிதங்களைக் கொண்டு வரலாம். கடிதத்தை உறையோடு கொண்டு வாருங்கள். அஞ்சல் முத்திரையில் ஊரும் தேதியும் இருக்கும். ஒட்டியிருக்கும் தாள்களை வீட்டில் பிரிக்க முயல வேண்டாம். நாடா ஒட்ட வேண்டாம். அரபுத்தமிழ்த் தாள்களை வாசித்துச் சொல்ல நானும் மூத்த ஹள்ரத் ஒருவரும் இருப்போம். அடக்கம் செய்யக் கொடுக்கும் மூட்டைகளும் இனி பிரித்துப் பார்க்கப்பட்ட பின்பே அடக்கப்படும். மூலத் தாள்கள் அன்று மஃரிபுக்கு முன்பே உரியவரிடம் திருப்பித் தரப்படும். பதிவின் ஒரு பிரதி உங்களுக்கும், நீங்கள் இசைந்தால் மற்றொன்று ஜமாஅத் அலுவலகத்திற்கும்.

வஸ்ஸலாம்.